நியூட்ரலில் நிற்கும் வயிறு

ஆகஸ்ட் 5, திங்கள்

சுகர் டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். "என்ன சாப்பிட்டீங்க, அதுக்கப்புறம் உடம்பு எப்படி இருந்துச்சு, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்கம்மா" என்றார். எல்லாத்தையும் என்று அவர் வாயால் சொன்ன பிறகு பின்னால் வருத்தப்படக் கூடாது.

பெயர் பியூலா. வயது ஐம்பத்தொன்று. ஊர் பாளையங்கோட்டை. தொழில், என்னைக் கொல்லப் பார்க்கிறவர்களின் பக்கத்தில் உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பது. வாசலில் 'பியூலா டிரைவிங் ஸ்கூல்' என்று போர்டு தொங்குகிறது. ஸ்கூல் என்றால் ஒரு வெள்ளைக் காரும் நானும்தான். கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் என் கால் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதுதான் எனக்குச் சோறு போடுகிறது, உயிரையும் காப்பாற்றுகிறது.

சர்க்கரை வந்து இருபது வருஷம் ஆகிறது. முதல் பத்து வருஷம் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவில்லை. பிறகு அது ஜெயித்தது. இப்போது சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி.

காலை இரண்டு இட்லி. இரண்டாவது பாதியிலேயே தொண்டைவரை நிறைந்துவிட்டது. மதியம் பசி இல்லை. மாலையும் இல்லை. ஏப்பம் மட்டும் தவறாமல் வருகிறது. காலையில் தின்ற தேங்காய்ச் சட்னி பொழுது சாயும்போது ஏப்பத்தில் மணக்கிறது. கெட்டுப்போகாத சட்னி செய்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர் ஞானதுரை, மின்சார ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "கேஸா இருக்கும்" என்றார். இன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நாத்தனார் சுகந்தி ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்தாள். "மைனி, உங்களுக்கு நார்ச்சத்து பத்தல. சுகர்க்காரங்களுக்கு நார்ச்சத்துதான் மருந்து. கீரை, வாழைத்தண்டு, சுண்டல், வெந்தயம், எல்லாம் பச்சையா தின்னுங்க." மாடு என்று நேராகச் சொல்லவில்லை, அவ்வளவுதான். இருந்தாலும் தின்றேன். சர்க்கரை வந்த பெண் பிள்ளைக்கு ஊரே மாமியார்.

புது மாணவர் சேர்ந்திருக்கிறார். எங்கள் சபைக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற தியோடர் ஐயர். எங்கள் பக்கத்துச் சபைகளில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், பூணூலைத் தேட வேண்டாம். பெரிய உருவம், சின்னக் குரல். காரில் ஏறியதும் கண்ணை மூடி ஜெபம் செய்தார். சரி, செய்யட்டும் என்று விட்டேன். வண்டி நகர ஆரம்பித்த பிறகும் கண் மூடியே இருந்தது.

"ஐயா, கண்ணைத் தொறங்க!"

"தொறந்தா பயமா இருக்கு, பியூலாம்மா."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஆராதனையில் தியோடர் ஐயர் பிரசங்கத்தின் நடுவே உருக்கமாக ஒரு நிறுத்தம் கொடுத்தார். அந்த அமைதியில் எனக்கு ஒரு ஏப்பம் வந்தது. அழுகிய முட்டை வாடை. முன் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் திரும்பி எனக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தேன். பாவம், மூத்த சபையார்.

ஆகஸ்ட் 14, புதன்

காலையில் வாந்தி. நேற்று மதியம் தின்ற வாழைத்தண்டு, தின்றபடியே வந்தது. திருப்பி வேக வைத்திருக்கலாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சுகர் டாக்டரிடம் போனேன். குத்திப் பார்த்து எழுதிவைத்த கணக்கைக் காட்டினேன். சாப்பிட்டு முடித்த கையோடு 64. எதுவும் சாப்பிடாமல் சும்மா இருக்கும் சாயங்காலத்தில் 320. சாப்பிட்டால் இறங்குகிறது, சாப்பிடாவிட்டால் ஏறுகிறது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அம்மா, மறைக்காம சொல்லுங்க. சாயங்காலம் ஸ்வீட் ஏதும் சாப்பிடுதீங்களா?"

"காலையில சாப்பிட்ட இட்லியே இன்னும் உள்ள இருக்கு டாக்டர். ஸ்வீட்டை எங்க வைக்க?"

அவர் நம்பவில்லை. இன்சுலினைக் கூட்டி எழுதினார். எனக்கு மானம் போயிற்று. திருடியாக இருந்து பிடிபட்டாலும் பரவாயில்லை, அல்வா ருசியாவது மிஞ்சும்.

வீட்டுக்கு வந்தால் ஞானதுரை குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் முகர்ந்துகொண்டிருக்கிறார். "என்ன தேடுதீங்க?" என்றேன். "தண்ணி" என்றார். தண்ணீர் மேசைமேல் இருந்தது. இவரும் சந்தேகப்படுகிறார்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வசந்தி என்கிற பிள்ளை, என்னிடம் பத்து வகுப்புக்கு மேல் ஓட்டி முடித்தவள், இன்றைக்கு நான் பழக்குகிற மைதானத்துக்குப் பக்கத்துத் தெருவில் காரை ஒரு வீட்டுச் சுற்றுச்சுவரில் உரசிவிட்டாள். இடது கதவில் நீளமாக ஒரு கீறல். வசந்தி அழுதாள்.

"நீங்கதான் மேடம் லெஃப்ட்ல ஒடி, லெஃப்ட்ல ஒடின்னு சொன்னீங்க. லெஃப்ட்ல சுவர்தான இருந்துச்சு?"

நானாவது, லெஃப்ட் என்று சொல்லுவதாவது. பயந்த பிள்ளைகள் இப்படித்தான் எதையாவது காதில் வாங்கிக்கொள்ளும். எனக்கும் அந்த நேரம் உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. ஆகஸ்ட் மாதத்திலும் இந்த ஊர் வெயில் அப்படி. ஒரு டீ குடித்தேன், சர்க்கரை போட்டு. உடனே சரியாகவில்லை, ரொம்ப நேரம் கழித்துச் சரியானது.

வசந்தி இனி வரமாட்டாளாம். அவள் அப்பா போனில் சொன்னார்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தியோடர் ஐயர் இரண்டாவது கியருக்கு வந்துவிட்டார். அல்லேலூயா. வகுப்பு முடிந்து திரும்பும்போது தெருமுனையில் ஞானதுரையின் ஸ்கூட்டர் நின்றது. இந்த மனிதருக்கு ஓய்வு பெற்றதிலிருந்து ஊர் சுற்றுவதே வேலை. பெட்ரோல் விற்கிற விலையில்.

செப்டம்பர் 3, செவ்வாய்

எல்லோரும் நான் மெலிந்துவிட்டேன் என்கிறார்கள். ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. எதிர் வீட்டு அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன டயட்டு? எங்களுக்கும் சொல்லுங்களேன்" என்றாள்.

"தின்னதை மறுநாள் கக்கணும்" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். மெய்யைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

செப்டம்பர் 8, ஞாயிறு

இன்று சபையில் அசனப் பண்டிகை. வருஷத்துக்கு ஒரு முறை சபையார் எல்லோரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடுகிற விருந்து. பந்தியில் உட்கார்ந்துவிட்டு இலையை மூடுகிறவர்களை எங்கள் ஊரில் மன்னிப்பதில்லை.

நாலு கவளத்தில் எனக்கு நிறைந்துவிட்டது. பரிமாறியவள் சுகந்தி.

"என்ன மைனி, எங்க கை பட்ட சோறு இறங்கலையோ?"

"வயிறு சரியில்லட்டி."

"மத்தவங்க வீட்டு விசேஷத்துக்கு மட்டும் உங்களுக்கு வயிறு சரியில்லாமப் போயிருது." பக்கத்து இலைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னும் ரெண்டு கரண்டி வை" என்றேன். கொழுப்பும் எலும்புமாக வைத்தாள். முழுவதும் தின்றேன். வழித்துத் தின்றேன். சுகந்திக்கு முகம் மலர்ந்தது. என் ரோஷத்துக்கு ஒரு அளவு உண்டு, ஆனால் இரைப்பைக்கு ரோஷமே கிடையாது என்று பிறகுதான் தெரிந்தது.

சபையின் பின்சுவர் ஓரம், வேப்பமரத்தடியில் எல்லாம் வெளியே வந்தது. ஆட்டுக்கறிக்குக் கீழே நேற்று ராத்திரிக் கீரை. கீரைக்குக் கீழே சுண்டல், தோலோடு. அதை எப்போது தின்றேன் என்று எனக்கே நினைவில்லை. ஞானதுரை ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றார். குனிந்து அந்தச் சுண்டலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோசியம் பாக்கீங்களா?" என்றேன்.

"நேத்து நீ சுண்டல் திங்கல" என்றார். "அது வியாழக்கிழம."

செப்டம்பர் 9, திங்கள்

ஒன்றும் இறங்கவில்லை. மோர். அதுவும் மேலே வந்தது. வகுப்பு மூன்று எடுத்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

ஞானதுரை, "ரெண்டு நாள் வண்டிய நிப்பாட்டேன்" என்றார். நிப்பாட்டினால் யார் சொல்லிக் கொடுப்பது, இவரா? கல்யாணமான புதிதில் இவருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கப் பார்த்து, இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தோம். அத்தோடு விட்டாயிற்று.

செப்டம்பர் 14, சனி

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். கையில் ஊசி குத்தியிருப்பதால் எழுத்து கோணல்.

வியாழக்கிழமை காலை டாக்டர் கூட்டிக் கொடுத்தபடி இன்சுலினைப் போட்டேன். இரண்டு இட்லி தின்றேன். தியோடர் ஐயருக்கு அன்றைக்கு முதல் முறையாக நான்குவழிச் சாலை. அவர் சட்டைக் காலர் நனைந்திருந்தது. எனக்கும் வேர்த்தது. அவர் பயத்தில் வேர்க்கிறார், நான் வெயிலில் வேர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். முன்னால் போன வைக்கோல் லாரி தெரிந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் தெரியாது. மிச்சம் தியோடர் ஐயர் நேற்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னது.

"நீங்க முதல்ல 'கடலைப் பாத்துப் போங்க'ன்னீங்க பியூலாம்மா. இங்க ஏதும்மா கடல்னு கேட்டேன். பதிலே இல்ல. திரும்பிப் பாத்தா கண்ணு தொறந்திருக்கு, ஆனா நீங்க இல்ல. திடீர்னு காலை நீட்டிக்கிட்டு விறைச்சீங்க பாருங்க, உங்க பக்கத்து பிரேக் போய் அமுங்கிட்டு. வண்டி நட்ட நடு ரோட்டுல நிக்கி. பின்னால ஹாரன். நான் ஆக்ஸிலேட்டரை மிதிச்சா வண்டி உறுமுது, நகரல."

"பிறகு?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "உங்க காலைத் தூக்கி அந்தப் பக்கம் வச்சேன்."

"என் காலையா?"

"ரெண்டு கையாலயும். கர்த்தர் மன்னிக்கணும்."

சபைக் கமிட்டிக்கு இது தெரிய வேண்டாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம்.

ஆனால் அந்தக் காலைத் தூக்குவதற்குள் லாரிகள் வந்துகொண்டே இருந்தனவாம். ஒன்றுகூட எங்கள்மேல் ஏறவில்லை. காரணம், காருக்குப் பின்னால் சாலை நடுவில் ஒரு மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஸ்கூட்டர் பக்கத்தில் விழுந்து கிடந்திருக்கிறது. லாரிகள் அவரைச் சுற்றி விலகிப் போயிருக்கின்றன. ஒரு லாரிக்காரர் நிறுத்தி இறங்கி, கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு, பிறகு தானும் நின்று கை காட்டியிருக்கிறார்.

அந்த மனிதர் ஞானதுரை. என் வாயைத் திறந்து கன்னத்துக்குள் குளுக்கோஸ் பொடியைத் தடவியிருக்கிறார். சட்டைப் பையில் வைத்திருந்தாராம். நான் தெளியவில்லை. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். ஞானதுரைக்குக் கார் ஓட்டத் தெரியாது. "ஐயா, நீங்க ஓட்டுங்க. நான் முன்னால ஸ்கூட்டர்ல போறேன், என் பின்னாலயே வாங்க" என்றிருக்கிறார்.

"எனக்கு மூணாவது கியர் இன்னும் சொல்லித் தரலைன்னு சொன்னேன்மா" என்றார் தியோடர் ஐயர். "ரெண்டாவதுலயே வாங்கன்னு சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ரெண்டாவதுதான்."

"கண்ணைத் தொறந்து வச்சிருந்தீங்களா?"

"சிமிட்டக்கூட இல்ல."

ஞானதுரையிடம் கேட்டேன், நான்குவழிச் சாலைக்கு எதற்கு வந்தீர்கள் என்று. ஸ்கூட்டருக்குக் காற்று அடிக்க வந்தாராம். காற்று அடிக்கிற கடை எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது.

அவர் முழங்காலில் பெரிய கட்டுப் போட்டிருக்கிறது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

வயிற்று டாக்டர் வந்தார். பெயர் இசக்கியம்மாள். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது, குரல் மட்டும் பஸ் கண்டக்டருடையது. நேற்று ராத்திரி முழுக்க என்னைப் பட்டினி போட்டு, காலையில் வாய் வழியாகக் குழாயை விட்டு வயிற்றுக்குள் பார்த்தார்.

"ராத்திரி ஏதும் சாப்பிட்டீங்களா?"

"ஆண்டவர் சத்தியமா இல்ல."

"உள்ள கீரை கிடக்கு. நார் நாரா, பந்து மாதிரி. எப்ப சாப்பிட்ட கீரை?"

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தே நாலு நாளாகிறது. ஆஸ்பத்திரியில் கீரை தரவில்லை. ஞானதுரை சுவரோரமாக நின்றவர் தொண்டையைச் செருமினார். "புதன்கிழமை. சுகந்தி குடுத்தது." இந்த மனிதர் என் வயிற்றுக்கு நாட்காட்டி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 18, புதன்

இன்றைக்குக் கதிரியக்க இட்லி.

நான் விளையாடவில்லை. ஒரு இட்லியில் ஏதோ ஒரு மருந்தைத் துளி கலந்து தந்தார்கள். அதைத் தின்றதும் ஒரு பெரிய காமிரா முன்னால் படுக்க வைத்து, வயிற்றில் இட்லி எங்கே இருக்கிறது என்று படம் எடுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். மதியம் மறுபடியும். இட்லி எவ்வளவு சீக்கிரம் இரைப்பையை விட்டுக் கிளம்புகிறது என்று பார்ப்பதாம்.

"சட்னி உண்டா?" என்று கேட்டேன். டெக்னீஷியன் பையன் என்னை மனநல வார்டில் சேர்க்கலாமா என்று யோசித்தான்.

இருபது வருஷமாக என் ஆகாரத்தை ஊரே கண்காணித்தது. இன்றைக்குத்தான் காமிரா வைத்தார்கள்.

செப்டம்பர் 20, வெள்ளி

படம் வந்துவிட்டது. நாலு மணி நேரத்தில் மற்றவர்களுக்கு இட்லி அநேகமாக முழுக்கப் போயிருக்குமாம். எனக்குப் பாதிக்கு மேல் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இசக்கி டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார். இரைப்பை என்பது வெறும் பை இல்லை, சதையால் ஆனது. அந்தச் சதை சுருங்கி விரிந்து சோற்றைக் கடைந்து, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் தள்ளுகிறது. தள்ளு என்று அதற்குச் சொல்வது மூளையிலிருந்து இறங்கி வருகிற ஒரு நரம்பு. ரொம்ப வருஷம் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் அந்த நரம்பு கெட்டுப்போகிறது. காலில் மதமதப்பு வருகிற மாதிரி இது வயிற்றுக்கு. சதை இருக்கிறது, ஆனால் சொல்லுவதற்கு ஆள் இல்லை. சோறு அப்படியே கிடக்கிறது.

"எஞ்சின் ஓடுது, கியர் விழல. வயிறு நியூட்ரல்ல நிக்கி" என்றேன்.

"அதேதான்" என்றார். "இதை இரைப்பை வாதம்னு சொல்லுவாங்க."

அப்படியானால் சாப்பிட்டவுடன் சர்க்கரை இறங்குவது ஏன் என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மாப்பிள்ளை வருவார்னு நம்பி வரவேற்க ஆளுங்க சீக்கிரமே மண்டபத்துக்கு வந்துட்டாங்க. அதுதான் இன்சுலின். மாப்பிள்ளைய காணோம், அவர் இன்னும் வயித்துக்குள்ளயே இருக்காரு. வந்த ஆளுங்க சும்மா இருப்பாங்களா? ரத்தத்துல இருக்கிற சர்க்கரையெல்லாம் காலி பண்ணிட்டு போயிருவாங்க. நீங்க மயங்கிருவீங்க. எல்லாரும் போன பிறகு மாப்பிள்ளை வருவார். அப்ப சர்க்கரை முந்நூறு."

சுகர் டாக்டரும் பக்கத்தில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நீங்க ஸ்வீட் சாப்பிடல போல" என்றார். இதுதான் இந்த ஜென்மத்தில் எனக்குக் கிடைக்கப்போகிற மன்னிப்பு. வாங்கி வைத்துக்கொண்டேன்.

"குணமாகுமா?" என்று இசக்கி டாக்டரைக் கேட்டேன்.

"கெட்ட நரம்பு பழையபடி ஆகிறது கஷ்டம்மா. ஆனா அதோட ஒத்துப்போய் நல்லாவே வாழலாம்."

என் கல்யாணத்திலும் பெரியவர்கள் இதையேதான் சொன்னார்கள்.

செப்டம்பர் 21, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. இனி நான் என்னென்ன தின்னக் கூடாது என்று டாக்டர் சொன்னதை சுகந்தியிடம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கீரை கூடாது. வாழைத்தண்டு கூடாது. முழுச் சுண்டல் கூடாது. பச்சைக் காய்கறி கூடாது. வெந்தயம் அள்ளித் தின்னக் கூடாது. நார்ச்சத்து எல்லோருக்கும் நல்லது, என் வயிற்றுக்கு மட்டும் அது நகராத மூட்டை. எண்ணெயும் கொழுப்பும் அதைவிட மோசம். குழைந்த சோறு, கஞ்சி, தோல் சீவி வேக வைத்து மசித்த காய், வடிகட்டின சூப். கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை. சாப்பாட்டுக்கு முன்னால் வயிற்றை உசுப்புகிற ஒரு மாத்திரை. சாப்பிட்டதும் படுக்காமல் நடை. இன்சுலின் ஆகாரத்துக்குப் பிறகு, சர்க்கரையைப் பார்த்துவிட்டுத்தான்.

சொல்லி முடிக்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். சுகந்தி திகைத்துப்போய் நின்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மைனி, நான்தான உங்களுக்கு தினமும் கீரை குடுத்தேன்" என்று அழுதுவிட்டாள். கெட்ட சந்தோஷம் போய்விட்டது.

"ஏட்டி, நீ என்ன வயித்து டாக்டரா? நல்லதுன்னு நெனச்சுதான குடுத்த" என்றேன். போகும்போது மிச்சக் கீரைக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

செப்டம்பர் 23, திங்கள்

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். நான் இங்கே எழுதவில்லை. சர்க்கரை தாழாமல் நிலையாகிறவரை காரில் உட்காரக் கூடாது. ஓட்டவும் கூடாது, ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவும் கூடாது.

நான் சாவியைத் தேடினேன். காணவில்லை. ஞானதுரை அடுக்களையில் இருந்தார்.

"சாவி எங்க?"

"இருக்கு."

"மைதானத்துல மட்டும் ஒரு வகுப்பு. அரை மணி நேரம்."

"இல்ல."

முப்பது வருஷக் கல்யாணத்தில் இவர் என்னிடம் இல்லை என்று சொன்னது அபூர்வம். நான் கத்தினேன். இவர் சம்பாத்தியத்தில் ஒரு பைசா கேட்டதுண்டா என்றேன். போர்டில் என் பெயர் இருக்கிறது என்றேன். வீட்டில் உட்கார்ந்தால் நான் யார், சர்க்கரை வியாதிக்காரி பியூலா, அவ்வளவுதானே என்றேன். நிறையச் சொன்னேன், எல்லாம் எழுத முடியாது.

அவர் திரும்பாமலே பேசினார். "அந்த லாரிக்காரன் பிரேக் போட்டான். போடாம இருந்திருந்தான்னா?"

அவர் கேரட் தோல் சீவிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. வெங்காயத்துக்கு அந்தக் குணம் உண்டு என்று தெரியும். கேரட்டுக்கும் உண்டு என்று இன்றைக்குத்தான் பார்த்தேன்.

சூப் உப்பில்லாமல் இருந்தது. குடித்தேன்.

செப்டம்பர் 30, திங்கள்

சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். அவர் பேசமாட்டார், எனக்கு மூச்சு வாங்கும். ஊரில் புதுக் காதல் ஜோடி என்று பேச்சாம். முழங்கால் கட்டோடு நொண்டுகிற காதலனும் பாதையோரம் ஏப்பம் விடுகிற காதலியும்.

அக்டோபர் 4, வெள்ளி

மறுபடியும் வாந்தி. ஒழுங்காக இருந்தும். டாக்டருக்குப் போன் செய்தால், "சில நாள் அப்படித்தான் இருக்கும். ரெண்டு நாள் தண்ணி ஆகாரமா எடுங்க" என்கிறார். ஒழுங்காக இருப்பதற்குப் பரிசு கிடையாது போலிருக்கிறது. இன்று யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

'லெஃப்ட்ல ஒடின்னு சொன்னீங்க' என்று அழுதாளே, அந்த வசந்தி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா, அம்மா, அவள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினேன். சுற்றுச்சுவர்க்காரர் வீட்டுக்கும் போனேன். என்ன பேசினேன் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அக்டோபர் 15, செவ்வாய்

தியோடர் ஐயருக்கு லைசென்ஸ் தேர்வு. மூன்றாவது நாலாவது கியரெல்லாம் வேறு ஒரு பள்ளியில் கற்றுக்கொண்டார். எனக்கு வயிற்றெரிச்சல், அதற்கு மாத்திரை இல்லை. ஆனால் தேர்வுக்கு என்னைக் கூப்பிட்டார். ஞானதுரையோடு ஸ்கூட்டரில் போய் வேலி ஓரம் நின்றேன். ஐயர் எட்டு போட்டார். கடைசி வளைவில் கொஞ்சம் இழுத்தது, ஆனால் கோட்டைத் தொடவில்லை. இறங்கி என்னிடம்தான் நேராக வந்தார்.

"பாஸ்மா! அதிகாரி கேட்டாரு, எங்க ஓட்டிப் பழகுனீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"நான்குவழிச் சாலையில, ஒரு ஆளோட உயிரைப் பக்கத்துல வச்சுக்கிட்டுன்னேன். அவரு பயந்து கையெழுத்து போட்டுட்டாரு."

அக்டோபர் 28, திங்கள்

சர்க்கரை இந்த வாரம் முழுக்க ஒழுங்கு. 64 இல்லை, 320 இல்லை. மனுஷி மாதிரி எண்கள். ஜாக்கெட்டில் மட்டும் இன்னும் இரண்டு பேர் இருக்கலாம்.

நவம்பர் 11, திங்கள்

இசக்கி டாக்டரும் சுகர் டாக்டரும் என் எண்களை மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் இசக்கி டாக்டர், "பாடம் எடுக்கலாம். மைதானத்துல மட்டும். ஒவ்வொரு வகுப்புக்கு முன்னாலயும் குத்திப் பாக்கணும். நூறுக்குக் கீழ இருந்தா வண்டியில ஏறக் கூடாது. முக்கியமா, ஓட்டுறவங்ககிட்ட முதல்லயே சொல்லிரணும்" என்றார்.

"சொன்னா எவ டாக்டர் பாடம் படிக்க வருவா? பக்கத்துல மயங்கி விழுற மேடம்கிட்ட?"

"சொல்லாம போய் அவங்க ஆஸ்பத்திரிக்கு ஓட்டிட்டு வர்றதவிட இது நல்லதுதான?"

வீட்டுக்கு வந்ததும் ஞானதுரை அரிசிப் பானைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். ஒன்றரை மாதமாக அந்தப் பானையில்தான் நான் அரிசி எடுத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, திங்கள்

இன்று முதல் வகுப்பு. மாணவி மும்தாஜ், தையல் கடை வைத்திருக்கிறாள், முப்பது வயது இருக்கும். வாயில் நூல் நுனியைக் கடித்தபடியே வந்து நின்றாள்.

காரில் ஏறும் முன்னால் அவள் எதிரிலேயே விரலைக் குத்தினேன். 142. மிஷினை அவளிடம் காட்டினேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுகூட எனக்கு இத்தனை பயம் இருந்ததில்லை.

"மும்தாஜ், எனக்கு சுகர். அதனால என் வயிறு சரியா வேலை செய்யாது. சில நேரம் திடீர்னு சர்க்கரை தாழ்ந்துரும். இப்ப சரியாதான் இருக்கு, ஆனா எப்பவாவது ஆச்சுன்னா எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். ஏடாகூடமா ஏதாவது சொல்லுவேன். நான் சொல்லுதத கேக்காத. வண்டிய ஓரமா நிப்பாட்டி சாவிய எடுத்துரு. குளுக்கோஸ் இந்தா, இங்க இருக்கு. என் வீட்டுக்காரர் நம்பர் இதுல ஒட்டியிருக்கு."

அவள் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். திரும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போனால் போகட்டும் என்று மிஷினைப் பைக்குள் வைத்தேன்.

"அப்ப ஒரு சந்தேகம் மேடம்" என்றாள்.

"கேளு."

"நீங்க ரொம்ப திட்டுவீங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. நீங்க திட்டுறீங்களா, இல்ல மயக்கத்துல உளறுறீங்களான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?"

"திட்டுனா நல்லா இருக்கேன்னு அர்த்தம்" என்றேன். "அன்பா பேச ஆரம்பிச்சேன்னா, உடனே வண்டிய நிப்பாட்டு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை மிதிக்காமலே கியரைப் பிடித்து இழுத்தாள். நான் வாயைத் திறந்தேன்.